சோறு விட்ட மூணு வாரம்

குத்துச்சண்டையில் ஒருவனுக்குக் கை ஓய்வது வெளியே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குச் சட்டென்று தெரியாது. முதலில் முழங்கை விலாவை விட்டு விலகும். தாடையோரம் இருக்கவேண்டிய கிளவுஸ் கழுத்துக்கு இறங்கும், கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்கு. பத்து அவுன்ஸ் கிளவுஸ், 300 கிராம்கூட இல்லை. ஆனால் மூன்றாவது ரவுண்டில் அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருப்பது, நிறைகுடத்தை ஒற்றைக் கையில் ஏந்தி நிற்பது மாதிரி இருக்கும்.

2014-இல் மதுரையில் நடந்த ஒரு போட்டியில் எனக்கு அப்படி ஆனது. 60 கிலோ பிரிவு. மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு, நடுவில் ஒவ்வொரு நிமிட ஓய்வு. பதினோரு நிமிடத்தில் முடிகிற சமாசாரம். முதல் ரவுண்டில் நான்தான் அடித்தேன். இரண்டாவது ஏறத்தாழச் சரிசமம். மூன்றாவது தொடங்கி அரை நிமிடம் இருக்கும். எதிரே நின்றவனின் இடது கை கீழே இறங்குகிறது, நான் வலதை விடவேண்டிய இடம். கண்ணுக்குத் தெரிகிறது, மனசு சொல்கிறது, கை வரவில்லை. வலி இல்லை, மூச்சுகூட அவ்வளவு முட்டவில்லை. கை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. அதற்குப் பிறகு நடந்ததை அவன்தான் எழுதவேண்டும். அடி தாங்காமல் நான் தடுமாற, ரெஃபரி ஆட்டத்தை நிறுத்தி இரண்டு தடவை எனக்கு எட்டு வரை எண்ணினார்.

ராத்திரி பஸ்ஸில் நாகர்கோவிலுக்குத் திரும்பி வரும்போது ஸ்டாமினா போதவில்லை, இன்னும் ஓடணும் என்றுதான் நினைத்துக்கொண்டேன். ஓட்டத்தில் குறையே இல்லை. தட்டில்தான் குறை. அது புரிய எனக்கு நாளாயிற்று.

அப்போது என் எடை 65. ஒரு கிலோ குறைத்து 64 கிலோ பிரிவில் ஆடியிருக்கலாம். 60-இல் இறங்கினால் எதிராளியைவிட உயரமும் கை நீளமும் எனக்கு மிச்சம் என்று ஒரு கணக்குப் போட்டேன். கணக்கில் தப்பில்லை, உலகம் முழுக்க எல்லாரும் போடுகிற கணக்குதான். நான் எடைதூக்கப் போய்க்கொண்டிருந்த ஜிம்மின் டிரெய்னர் வழி சொன்னார்: அரிசி வேண்டாம், கிழங்கு வேண்டாம், பழம் வேண்டாம், முட்டை, கோழி, வெள்ளரிக்காய். மூன்று வாரம். அவர் மேடைக்காக உடம்பு செதுக்குகிறவர்களைத் தயார் செய்து பழகியவர். அவர்கள் மேடையில் நின்று காட்டினால் போதும், யாரும் அவர்களைத் திருப்பி அடிப்பதில்லை. இந்த வித்தியாசம் அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் மாவட்டத்தில் ஒருவன் சோறு வேண்டாம் என்று சொல்வது வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி. அம்மா முதல் நாள் சிரித்தாள், இரண்டாம் நாள் கோபப்பட்டாள், மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாமியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். "சோறு திங்காம நீ போயி ஆரை அடிக்கப் போற மக்களே?" என்று கேட்டாள். நான் புரோட்டீன் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நாலே நாளில் இரண்டரைக் கிலோ குறைந்தது. டிரெய்னர் என் முதுகில் தட்டி, "கொழுப்பு கரையுதுலே" என்றார். கரைந்தது கொழுப்பே இல்லை. உடம்பு மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும்போது கூடவே தண்ணீரையும் பிடித்துவைக்கும், ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீர். சேமிப்பு காலியானால் தண்ணீரும் வெளியே போய்விடும். முந்நூறு, நானூறு கிராம் சேமிப்பு போனால் தராசில் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ குறையும். அரிசியையும் பருப்பையும் நிறுத்தியதில் குடலில் கிடக்கும் நார்ச்சத்தும் குறைந்துவிடும், அதுவும் கொஞ்சம் எடை. பெட்ரோல் தீர்ந்த பைக் எடை குறைவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

மதுரையிலிருந்து வந்த வாரம் ஆசானைப் பார்க்கப் போனேன். மணிக்கட்டு பிசகியிருந்தது, எண்ணெய் போட்டுத் தடவ வேண்டும். திருவட்டாறு பக்கம் வீடு. பன்னிரண்டு வயதிலிருந்து அஞ்சு வருஷம் அவரிடம் எங்கள் பக்கத்துத் தற்காப்புக் கலையான அடிமுறை படித்தவன் நான். பாக்சிங்குக்கு மாறியதில் அவருக்கு என்மேல் ஒரு சின்னக் கோபம் எப்போதும் உண்டு, "கையில சாக்கு மாட்டிட்டு அடிக்கியதெல்லாம் ஒரு அடியாலே?" என்பார். அன்றைக்குக் கையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார். "கன்னம் ஒட்டிக் கிடக்கு. கஞ்சி குடிக்கியது இல்லியா நீ?"

ஆசானின் களரியில், அதாவது பயிற்சிக் களத்தில், காலை அஞ்சு மணிக்குக் காலடிச் சுவடு வைக்கத் தொடங்கினால் ஏழு மணிக்கு விடுவார். விட்டதும் கிணற்றடியில் கை கால் கழுவிவிட்டு வரிசையாக உட்காரவேண்டும். மண்சட்டியில் கஞ்சி வரும், வெந்த சிறுபயறு, ஒரு துண்டு தேங்காய், காந்தாரி மிளகாய் சதைத்த சம்மந்தி. கரண்டி கிடையாது. ஆளுக்கொரு பிலாவிலை பறித்து, கூம்பாகக் கோட்டி, ஈர்க்குத் துண்டால் குத்திக்கொள்ள வேண்டும். குத்தத் தெரியாதவன் இலை நடுவழியில் பிரிந்து கஞ்சி மடியில் கொட்டும். முதல் மாதம் முழுக்க எனக்குக் கொட்டியிருக்கிறது. குடித்து முடித்தவன் இலையை ஆட்டுக்குப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடவேண்டும். ஆசான் இதை ஊட்டச்சத்து என்று ஒருநாளும் சொன்னதில்லை. கஞ்சி குடிக்காமல் போகிறவனை மறுநாள் களரிக்குள் விடமாட்டார், அவ்வளவுதான்.

பிற்பாடு படித்துப் பார்த்தால், கடுமையாக உழைத்த பின் முதல் சில மணி நேரத்தில் தசை மாவுச்சத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும், அந்நேரம் கிலோ எடைக்கு மணிக்கு ஒரு கிராம் வீதம் சாப்பிடுவது நல்லது என்று விளையாட்டு மருத்துவக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அது ஒரே நாளில் இரண்டு வேளை பயிற்சி உள்ளவர்களுக்கு. ஆசானின் களரியும் காலையும் மாலையும்தான்.

உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், இதில்தான் என் தோல்வியின் சூட்சுமம் இருக்கிறது. சோறோ கிழங்கோ பழமோ, உள்ளே போனதும் குளுக்கோஸ் ஆகிறது. உடனே தேவையில்லாததைச் சங்கிலியாகக் கோர்த்துச் சேமித்து வைப்பதற்குக் கிளைக்கோஜன் என்று பெயர். நன்றாகச் சாப்பிட்டு நன்றாக உழைக்கிற ஒருவருக்குத் தசைகள் எல்லாவற்றிலும் சேர்த்து 400 கிராம் சுமாருக்கு இருக்கும், கல்லீரலில் 100 கிராம். கல்லீரலில் இருப்பது பொதுச்சொத்து. ரத்தத்தில் இறக்கிவிட்டு மூளை முதல் யார் கேட்டாலும் கொடுக்கும். ராத்திரி நாம் தூங்கும்போதும் கொடுத்துக்கொண்டே இருப்பதால் காலையில் அது பெரும்பாலும் காலி. தசையில் இருப்பது அப்படியில்லை. குளுக்கோஸை வெளியே விடத் தேவையான நொதி தசைக்குக் கிடையாது. தொடையில் எவ்வளவு கிடந்தாலும் தோளுக்கு அதில் ஒரு பருக்கை போகாது. மதுரையில் கால் ஆடியது, கை ஆடவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் விளக்கம் இதுதான். மூன்று வாரம் காலையிலும் மாலையிலும் பேக் அடித்து, பேட் அடித்து, தோளையும் முதுகையும் வழித்துத் துடைத்திருந்தேன். திருப்பி நிரப்பவே இல்லை.

1966-இல் ஸ்வீடனில் ஜோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் தங்கள் உடம்பையே வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரே சைக்கிளின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, ஆளுக்கு ஒற்றைக் காலால் மட்டும் மிதித்தார்கள், அந்தக் கால் சலித்து விழும்வரை. மற்றக் கால் சும்மா. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த சாப்பாடு. தடித்த ஊசியால் தொடையிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால், உழைத்த காலில் சேமிப்பு சும்மா கிடந்த காலைப் போல இரண்டு மடங்கு. ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு. ஆனாலும் வேலை செய்த கால்தான் சோற்றை எடுத்துக்கொண்டது. இதை முதன்முதலில் வாசித்தபோது சிரித்துவிட்டேன். இரண்டு டாக்டர்கள் ஒரு சைக்கிளில் ஒற்றைக் காலோடு மல்லுக்கட்டும் காட்சி ஆசானுக்குப் பிடித்திருக்கும்.

சரி, பதினோரு நிமிடத்தில் 400 கிராமும் தீர்ந்துவிடுமா? தீராது. வயிறார உண்டு, இரண்டு நாள் ஓய்வும் எடுத்து ரிங்கில் ஏறுகிறவனுக்கு ஒரு பைட்டுக்குத் தேவையானது தாராளமாக இருக்கும். முப்பது விநாடி முழுவேகச் சைக்கிள் சோதனை ஒன்றே ஒன்று வைத்தால், சோறு விட்டவனும் ஏறக்குறைய மற்றவன் அளவுக்குச் செய்துவிடுவது உண்டு. மாவுச்சத்தை விட்டுக் கொழுப்பை நம்பும் கீட்டோ ஆட்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். என் கேள்வி வேறு. பைட் என்பது ஒரு முப்பது விநாடி இல்லை. ஆறேழு அடி கொண்ட வெடிப்பு, இரண்டு மூச்சு, மறுபடி வெடிப்பு. முதல் பத்து விநாடிக்குத் தசையில் இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற உடனடி எரிபொருள் போதும். அது மறுபடி ஊறுவதற்குள் அடுத்த வெடிப்பு வந்துவிட்டால் கிளைக்கோஜனைத்தான் பிடித்து எரிக்கவேண்டும். கொழுப்பு நம் எல்லார் உடம்பிலும் கிலோக்கணக்கில் கிடக்கிறது, ஆனால் அது விறகுக்கட்டை. பற்ற நேரம் எடுக்கும், ஆக்ஸிஜனும் கூடுதலாகக் கேட்கும். ஒரு லிட்டர் ஆக்ஸிஜனுக்கு மாவுச்சத்து 5 கிலோகலோரி தருகிற இடத்தில் கொழுப்பு 4.7 தான் தரும். மூச்சு இரைத்து நிற்கிறவனுக்கு அந்த வித்தியாசம் சின்னதில்லை. இன்னொன்றும் உண்டு. சோற்றை விட்டு இறைச்சியும் கொழுப்புமாகச் சாப்பிட்டால் சில நாளிலேயே ரத்தத்தில் அமிலத்தைத் தாங்கும் சக்தி கொஞ்சம் இறங்குகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்கும் வேலையில் தசையிலிருந்து அமிலம்தானே கொட்டுகிறது.

உடம்பு பழகிவிடும் என்று டிரெய்னர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் குழுவினர் உலகத் தரமுள்ள வேகநடை வீரர்களை மூன்று வாரம் வைத்துப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். மாவுச்சத்தை விட்டவர்களின் உடம்பு கொழுப்பை எரிக்க நன்றாகவே பழகிக்கொண்டது. ஆனால் அதே வேகத்தில் நடக்க முன்னைவிட அதிக ஆக்ஸிஜன் தேவைப்பட்டது. அதே பயிற்சியைச் செய்து மாவுச்சத்தும் சாப்பிட்டவர்கள் நேரத்தில் முன்னேறினார்கள், இவர்கள் முன்னேறவில்லை. நானும் மூன்று வாரம்தான்.

எங்கள் பாட்டா இதைக் கேட்டிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போயிருப்பார். அவர் கிழங்கு தின்று வளர்ந்த தலைமுறை. மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி வருவது நின்றது, எங்கள் ஊர்ப்பக்கம் வயிற்றைக் காப்பாற்றியது அந்தக் கிழங்குதான். எங்கள் குமரி மாவட்டத்தோடு நாங்கள் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டோம், கிழங்கும் கூடவே வந்துவிட்டது. அவிச்ச கிழங்கும் சாளை மீன்கறியும் இன்றைக்கும் எங்கள் மாலைச் சாப்பாடு.

அம்மா கிழங்கு அவிப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். தோலைக் கத்தியால் சீவமாட்டாள். நீளவாக்கில் ஒரு கீறு போட்டு, கத்தி முனையை உள்ளே விட்டு நெம்பினால் தடித்த தோல் சட்டை கழற்றியது போல மொத்தமாக உரிந்து வரும். உள்ளே வெள்ளை வெளேரென்று. துண்டு போட்டு, திறந்த பானையில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிக் களைந்துவிடுவாள். கிழங்கில் இயற்கையாக உள்ள நஞ்சு அந்தத் தண்ணீரோடு போகிறது, கசப்புக் கிழங்கென்றால் இதை விடவே கூடாது. பிறகு தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், மஞ்சள் எல்லாம் சதைத்துப் போட்டு அகப்பையின் அடியால் நாலு குத்து. பாதி மசிந்து பாதி மசியாமல் இருக்கவேண்டும். நூறு கிராம் பச்சைக் கிழங்கில் 38 கிராம் மாவுச்சத்து, புரதமோ ஒன்றரைக் கிராம்கூடத் தேறாது. அதனால்தான் சாளை. இந்தக் கூட்டை யாரும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. கையில் கிடைத்ததைச் சேர்த்தார்கள், சரியாக வந்தது.

இவ்வளவும் இப்போது எழுதக் காரணம் அக்கா மகள்.

பதினைந்து வயது. 48 கிலோ பிரிவில் ஆடுகிறாள். என்னைவிட நல்ல கால்வீச்சு, என்னைவிட நல்ல மூளை. சாயங்காலம் தக்கலையில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்குத்தான் வருவாள். இரண்டு மாதம் முன்னால் ஒருநாள் ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், முழங்கை விலாவை விட்டு விலகுவதைப் பார்த்தேன். கழுத்துக்கு இறங்கிய கிளவுஸையும் பார்த்தேன். நிறுத்தச் சொல்லிவிட்டு மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினாள்: இரண்டு அவித்த முட்டையின் மிச்சம், அரை வெள்ளரிக்காய்.

"சோறு?"

"கார்ப் கட் பண்ணியாச்சு மாமா."

ஃபோனில் யாரோ சொன்னார்களாம். என் டிரெய்னராவது எதிரில் நின்று சொன்னார். அவளுடைய பாக்ஸில் இருந்ததில் பத்து கிராம் மாவுச்சத்துகூட வராது. மூளை ஒன்றே ஒரு நாளைக்கு 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும்.

அன்றைக்கு ராத்திரி அக்கா வீட்டுக்குப் போனால் விஷயம் அங்கே வேறு மாதிரி வேர் பிடித்திருந்தது. அத்தானுக்கு நாலு வருஷமாக சுகர். டாக்டர் அவருக்குச் சோற்றைக் குறைக்கச் சொன்னது மெல்ல மெல்ல வீட்டுச் சட்டமாகிவிட்டது. சோறு என்றாலே ஏதோ குற்றம் மாதிரி ஒரு பேச்சு. பிள்ளை அதைக் கேட்டு வளர்ந்தவள். எங்கள் பக்கம் சுகர் இல்லாத வீடு குறைவு, அதனால் இந்தப் பேச்சும் இல்லாத வீடு குறைவு. ஐம்பது வயதில் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதுகிற அத்தானும் இரண்டு மணி நேரம் பேக் அடிக்கிற பிள்ளையும் ஒரே பானையில் சாப்பிடலாம், ஒரே அளவு சாப்பிட முடியாது. சுருங்கி விரிகிற தசை இன்சுலின் இல்லாமலேகூட ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அவள் தின்கிற சோறு போகும் இடம் வேறு.

அக்கா என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னாள். ரெண்டு மாசமாக அவளுக்குத் தேதி வரவில்லை. "விளையாடுற பிள்ளையளுக்கு அப்பிடித்தானாம்லே?" என்றாள். அப்படித்தான் என்று பல இடத்தில் சொல்லிவிடுகிறார்கள், பெண்பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் ஆண்கள் இதைக் கேட்கவே கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அது சாதாரணமில்லை. செலவழிக்கிற சக்திக்குச் சாப்பாடு வராதபோது உடம்பு முதலில் மூடிவைக்கிற கடைகளில் அது ஒன்று; அடுத்து எலும்பு. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்கென்று ஒரு பெயரே வைத்து எச்சரிக்கை வெளியிட்டது. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். போனார்கள். அந்த டாக்டரம்மா பிள்ளையிடம் பத்து நிமிடம் தனியாகப் பேசினார், நான் ஒரு மாதம் கத்தியிருந்தாலும் அது நடந்திருக்காது.

பிறகுதான் கணக்கு. தினம் ஒரு மணி நேரம் போலக் கடுமையாகப் பயிற்சி எடுப்பவர்களுக்குக் கிலோ எடைக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து, அதற்கு மேல் மணிக்கணக்காகப் போனால் இன்னும் கூடுதல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அவளுக்கு 300 கிராம் என்று வைத்துக்கொண்டோம். கிராம் என்று சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும், அதனால் பாத்திரத்தில் சொன்னேன். காலையில் கஞ்சியும் பயறும், அல்லது புட்டும் பழமும். மதியம் சோறு, முன்னே போட்ட அளவு. பயிற்சிக்கு முன்னால் ஒரு ஏத்தன் பழம், இல்லையென்றால் மட்டிப்பழம் மூன்று. முடிந்து வந்ததும் கிழங்கும் மீனும். ராத்திரி மூன்று தோசை. நடுவில் ஒரு கருப்பட்டிக் காப்பி. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வந்துவிடுகிறது. எதையும் வாங்க ஆன்லைனில் போகவேண்டாம், வடசேரிச் சந்தை போதும். எங்கள் மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு வேறு கிடைத்திருக்கிறது. விரல் நீளம்தான், வாயில் போட்டால் கரையும், வயிற்றில் கனக்காது. எங்கள் வீட்டில் கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டுகிற பழம் அது. ஓய்வு நாளில் இவ்வளவும் வேண்டாம், தோசை ஒன்று குறையும், பழம் குறையும். பசியே சொல்லிவிடும்.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துக் கூத்தையும் சொல்லாமல் விட்டால் தப்பு. கார்ப் நல்லது என்று நான் வகுப்பெடுத்த மறுவாரம் ஒரு பையன் பொறோட்டா நாலும் பீஃபும் தின்றுவிட்டு ஒரு மணி நேரத்தில் ஸ்பாரிங்குக்கு வந்தான். முதல் ரவுண்டிலேயே விலாவில் ஒரு ஹூக் விழுந்தது. தரையைக் கழுவ அரை மணி நேரம் ஆனது. எண்ணெயும் இறைச்சியும் வயிற்றை விட்டு இறங்க நேரமாகும். பைட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னால் இட்லியோ புட்டோ கஞ்சியோ, கடலைக்கறி இல்லாமல். ஒரு மணி நேரம் முன்னால் பழம். அதற்குப் பிறகு தண்ணீர். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இவ்வளவுதான்.

எடைக்கணக்கு மட்டும் தீராத வழக்கு. எடைப்பிரிவு இருக்கும்வரை எடை குறைப்பதும் இருக்கும். 1997-இல் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் வேர்த்து எடை குறைக்கப் போய்ச் செத்தார்கள், அதன் பிறகுதான் அங்கே விதிகள் இறுகின. 2024 ஆகஸ்ட் 7-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டிக்கு முன் 100 கிராம் கூடுதலாக இருந்ததற்காக நீக்கப்பட்டதை நாம் எல்லாரும் டிவியில் பார்த்தோம். முதல் நாள் மூன்று பைட் ஆடியவர். ஆடினால் சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும், சாப்பிட்டால் எடை ஏறித்தானே ஆகும். நூறு கிராம் என்பது மூன்று மட்டிப்பழத்தின் எடை. அன்றைக்கு எங்கள் ஊர் டீக்கடையில் எல்லாரும் எடை பற்றிப் பேசினார்கள், ராத்திரியெல்லாம் தூங்காமல் வேர்க்க வைத்தது பற்றியும் முடியை வெட்டியது பற்றியும். இறுதிப் போட்டியில் அதே பெண் ஆடியிருந்தால் தோளில் என்ன மிச்சம் இருந்திருக்கும் என்று நான் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

விவரம் தெரிந்த வீரர்கள் எடைபோடுவதற்கு மூன்று நாலு நாள் முன்னால் சோற்றைக் குறைத்து, அந்தத் தண்ணீர் எடையை இறக்கி, எடைபோட்டதும் ஏற்றிக்கொள்கிறார்கள். முந்தின நாளே எடை பார்த்துவிடும் தொழில்முறைப் போட்டிகளில் இது ஓரளவு நடக்கும். காலியான தசை மணிக்கு ஐந்து சதவீதம் போலத்தான் நிரம்பும், முழுக்க நிரம்ப ஒரு நாள் ஆகும். நம்முடைய அமெச்சூர் பாக்சிங்கில் காலையில் எடை, அன்றைக்கே பைட். அதற்குள் எவ்வளவு வாரிப் போட்டாலும் வயிறுதான் நிரம்பும், தோள் நிரம்பாது. இவளுக்கு அந்த வித்தையெல்லாம் வேண்டாம் என்று முடிவு செய்து, அடுத்த போட்டிக்கு 50-இல் பெயர் கொடுத்தோம். வளர்கிற பிள்ளை. அவள் முகம் கொஞ்சம் தொங்கியது. "48-ல எனக்கு உயரம் இருக்கு மாமா" என்றாள். எங்கேயோ கேட்ட கணக்கு.

போன மாதம் ஸ்பாரிங்கில் அவளைவிட நாலு கிலோ கூடுதலான பெண்ணோடு இறக்கினேன். மூன்றாவது ரவுண்டில் அடி வாங்கினாள், நன்றாகவே வாங்கினாள். கை தாடையோரத்திலேயே இருந்தது. வாங்கிய அடிக்கெல்லாம் ஒன்று திருப்பிக் கொடுத்தாள். முடிந்ததும் ஹெட்கார்டைக் கழற்றுவதற்கு முன்னால் பையைத் திறந்து பழத்தைத் தேடினாள்.

எனக்கு இப்போது முப்பத்தேழு. கிளவுஸ் போட்டு ரிங்கில் ஏறிப் பல வருஷம். இந்தச் சித்திரையில் ரத்தப் பரிசோதனை செய்ததில் மூன்று மாத சர்க்கரை 6.1 என்று வந்தது. இன்னும் சுகர் இல்லை, வாசலில் நிற்கிறது. டாக்டர் சோற்றைப் பாதியாக்கச் சொல்லியிருக்கிறார். நேற்று அக்காவும் பிள்ளையும் வந்திருந்தார்கள். அம்மா பானையைத் திறந்து பேத்தியின் தட்டில் இரண்டு அகப்பை கிழங்கு வைத்து, அதன் மேலே சாளைக்கறியை ஊற்றினாள். என் தட்டில் முக்கால் அகப்பை வைத்துவிட்டு நிறுத்தினாள்.

"இத்திரி கூட வையும்மா."

"நீ இப்போ ஆரை அடிக்கப் போற?" என்று கேட்டுவிட்டு மூடியை வைத்தாள்.